ஞானப்பல் அறுவை சிகிச்சை: முழு மயக்கம் கொடுத்தால் பயம் போய்விடுமா?

மருதாணி:

வணக்கம். என் தம்பிக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அவனுக்கு 29 வயது. கீழ்த்தாடையின் இடப்பக்க ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள் படுத்துக் கிடப்பதாக, தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், கஞ்சியும் ரசமுமாகப் பொழுதை ஓட்டுகிறான். பரிசோதித்த அறுவை மருத்துவர், மரத்துப்போகும் ஊசி போட்டே எடுத்துவிடலாம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். இவனோ நாள் குறித்துக்கொண்டு மருத்துவமனை வாசல்வரை வந்த பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சீழ் கட்டிய ஒரு பல்லைப் பிடுங்குவதற்காக அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. சித்தப்பா கைகளையும் உதவியாளர் கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் கத்தக் கத்தப் பல் எடுக்கப்பட்டது. உறவினர் கூடும்போதெல்லாம் அது சிரிப்புக் கதையாகச் சொல்லப்படும். அவன் மட்டும் சிரித்ததில்லை. இன்று அலுவலகத்தில் இருபது பேரை வேலை வாங்குகிறவன், பல் மருத்துவமனையின் அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உள்ளங்கை வியர்த்து நின்றுவிடுகிறான்.

"முழு மயக்கம் கொடுத்தால் வருகிறேன், இல்லையென்றால் பல் அப்படியே இருக்கட்டும்" என்பது அவன் நிலை. அப்பா இதைக் கோழைத்தனம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பல்லுக்காக முழு மயக்கம் கேட்பது முறையா, அப்படி எடுத்துவிட்டால் இந்தப் பயம் அவனை விட்டுப் போகுமா, அறுவைக்குப் பிறகு மனத்தளவில் என்னென்ன வரக்கூடும் என்று அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தாடைமருத்துவர்:

சகோதரிக்கு வணக்கம். நான் வாய், தாடை, முக அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். உங்கள் தம்பியின் வாயைப் பார்க்காமல் அவருக்கான முடிவை இங்கே சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கும்போது ஈறைக் கீறி விலக்கி, பல்லை மறைத்திருக்கும் எலும்பின் விளிம்பை உப்புநீர் பாய்ச்சியபடி ட்ரில்லால் குறைத்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக்கி வெளியே எடுத்து, தையல் போடுகிறோம். ஊசி வலியை நிறுத்தும். ஆனால் அழுத்தத்தையும், தாடையைத் தள்ளுவதையும், எலும்பு வழியாகவே காதுக்குள் போய்ச் சேரும் அந்த 'நறநற' ஓசையையும் நிறுத்தாது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அழுத்தம் தெரிந்த கணத்திலேயே ஊசி பிடிக்கவில்லை என்றும் அடுத்தது வலிதான் என்றும் நோயாளி முடிவுகட்டிவிடுகிறார். நான் பார்த்த வரையில் நாற்காலியில் ஏற்படும் பதற்றத்தில் பெரும்பகுதி வலியால் வருவதில்லை, இந்தக் குழப்பத்தால் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் பயன்படுத்தும் 2 விழுக்காடு லிக்னோகெய்ன் ஊசியில் 80,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அது அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறது, ரத்தக் கசிவையும் குறைக்கிறது. அதில் சிறிதளவு ரத்தத்தில் கலந்தாலும் சிலருக்கு ஓரிரு நிமிடங்கள் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஏற்கெனவே பயந்திருப்பவர் அதை மாரடைப்பு என்றே நினைத்துக்கொள்வார். "இப்போது கொஞ்சம் படபடப்பு வரும், தானே அடங்கிவிடும்" என்று ஊசிக்கு முன்பே சொல்லி வைப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

மயக்கத்தைப் பொறுத்தவரை, ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவில் வேறு படிகளும் இருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. மூக்கில் ஒரு சிறு மூடி வைத்து ஆக்சிஜனுடன் கலந்து தரும் நைட்ரஸ் ஆக்சைடு ஒன்று. 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் தம்முடைய பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்த வாயு இதுதான். இது ஆளைத் தூங்க வைக்காது, இறுக்கத்தைத் தளர்த்தும். நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அடுத்த படி, மயக்கவியல் மருத்துவர் முன்னிலையில் ரத்தக் குழாய் வழியே மிடாஸோலம் என்ற மருந்தைச் செலுத்துவது. நோயாளி அரைத் தூக்கத்தில் இருந்தபடியே நாம் சொல்வதைக் கேட்டு வாயைத் திறப்பார், பிறகு பெரும்பாலானவை நினைவில் இருக்காது. முழு மயக்கம் என்றால் அறுவை அரங்கு, மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், அதற்கு முன் திட உணவுக்கு 6 மணி நேரமும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் பட்டினி, அதற்கேற்ற செலவு எல்லாம் சேர்ந்து வரும். கேட்பது தவறில்லை, தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் அதற்குப் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

எண்ணெய்க்கடை:

எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. எங்கள் காலத்தில் சந்தைக்குப் போகும் வழியில் பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டே சந்தைக்கும் போய் வருவோம். இப்போது பிள்ளைகள் அறுவைக்கு முந்தைய இரவு கைப்பேசியில் ரத்தமும் சதையுமாக ஓடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் பயம் பயம் என்கிறார்கள். பயத்தைப் பற்றிப் பேசப் பேசப் பயம் வளரத்தான் செய்யும். மருத்துவர் ஐயா சொன்ன படபடப்பு விளக்கத்தைக்கூட முன்னதாகச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேருக்கு அது தோன்றியே இருக்காது என்று நினைக்கிறேன். அந்தத் தம்பியை நாலு பேர் சேர்ந்து அழைத்துப்போய் உட்கார வைத்தால் முடிந்துபோகும் காரியம் இது.

மனநல ஆலோசகர்:

ஐயா, நாலு பேர் சேர்ந்து அழைத்துப்போய் உட்கார வைத்ததில்தான் இந்தக் கதை தொடங்கியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் நடந்தது அதுதானே?

பயம் எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977-ல் மூன்று வழிகளைச் சொன்னார். தானே பட்டது, பிறர் படுவதைக் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது. மருதாணி அவர்களின் தம்பிக்கு முதல் வழி. இரவில் காணொளி பார்ப்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும். அந்த அளவில் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பேசாமல் விட்டால் பயம் தேய்ந்துவிடும் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இங்கிலாந்தில் ஜெரி கென்ட் என்பவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எவ்வளவு வலிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று முன்னால் கேட்டார். முடிந்தவுடன் எவ்வளவு வலித்தது என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து, அன்று எவ்வளவு வலித்தது என்று மறுபடியும் கேட்டார். அச்சம் மிகுந்தவர்களின் நினைவில் நின்ற வலி, அவர்கள் உண்மையில் உணர்ந்ததாகச் சொன்ன வலியைவிட, முன்பு எதிர்பார்த்த வலிக்கே நெருக்கமாக இருந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்த பிறகும் மனம் தன் பழைய கணக்கையே எழுதி வைத்துக்கொள்கிறது என்பதால்தான், "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானம் இவர்களிடம் எடுபடுவதில்லை.

பயத்தை அளக்க ஒரு எளிய வினாத்தாள் இருக்கிறது. நார்மன் கோரா 1969-ல் உருவாக்கியதை 1995-ல் ஹம்ஃப்ரிஸ் குழுவினர் திருத்தினார்கள். நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டுமென்றால், காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தால், பல்லை ட்ரில் செய்யப் போகிறார்கள் என்றால், பற்களைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால் எப்படி உணர்வீர்கள் என்று ஐந்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான அச்சம் என்று கொள்கிறார்கள். இது தமிழிலும் பெயர்க்கப்பட்டுச் சோதிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பகுதிகளில் 2009-ல் நடந்த வயதுவந்தோர் பல் நலக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் இந்தக் கடும் அச்ச வரிசையில் வந்தார்கள். எட்டில் ஒருவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

மருதாணி அவர்களின் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். முழு மயக்கத்தில் பல்லை எடுத்தால் பல் போகும். பயம் போக வேண்டிய காரணம் எதுவும் அதில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பயந்தது நடக்கவில்லை என்று தானே கண்டறியும் வாய்ப்பு அங்கே கிடைப்பதில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் உல்ஃப் பெர்கிரன் குழுவினர் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவரையே தவிர்த்து வந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பயப்படும் சூழலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும் மறு பிரிவுக்கு முழு மயக்கமும் கொடுத்து ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார்கள். நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில்தான் அச்சம் அதிகமாகக் குறைந்தது. பிறகு சாதாரணமாகச் சிகிச்சைக்கு வந்து முடித்தவர்களும் அவர்களில்தான் அதிகம். அதே ஆய்வாளர்தான் பயத்தால் போகாமல் இருப்பது, போகாததால் பல் கெடுவது, கெட்டுப்போனதைக் காட்ட வெட்கப்படுவது, வெட்கத்தால் இன்னும் போகாமல் இருப்பது என்ற சுழலையும் விளக்கினார். நான் சந்திப்பவர்களில் பலர் வலிக்குப் பயந்து நின்றவர்கள் அல்லர். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்று மருத்துவர் கேட்டுவிடுவாரே என்று நின்றவர்கள்.

பழையநோயாளி:

முழு மயக்கம் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதி வைக்கிறேன். எனக்கு ரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்தித்தான் இரண்டு ஞானப்பற்களை எடுத்தார்கள். நடந்தது எதுவும் நினைவில்லை. எல்லோரும் அதைப் பாக்கியம் என்கிறார்கள். எனக்கு அது நெடுநாள் உறுத்தலாக இருந்தது. நான் பேசினேனா, அழுதேனா, வாயைப் பிளந்துகொண்டு எந்தக் கோலத்தில் கிடந்தேன் என்று தெரியாததே ஒரு தனிக் கவலையாகிவிட்டது. என்னோடு வந்திருந்த அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அவளையும் அலுக்க வைத்தேன்.

அதற்குப் பின் வந்த வாரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண் விழித்தபோது கடைவாயில் ஊறிப்போன பஞ்சு, தொண்டையில் இரும்பின் சுவை, கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் புடைத்த கன்னம். கீழுதடும் மோவாயும் மரத்தே இருந்தன. டம்ளரை வாயில் வைத்தால் அது உதட்டில் பட்டதா இல்லையா என்று தெரியாமல் தண்ணீர் சட்டையில் வழியும். மற்ற இடங்களில் மரப்பு போன பிறகும் அந்த விரலளவு இடத்தில் மட்டும் போகவில்லை. வாரங்கள் கழித்து எறும்பு ஊர்வது போல் ஒரு குறுகுறுப்புத் தொடங்கி, மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. அந்த இடைக்காலத்தில் நான் வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது என்ற கூச்சம். காரணம் சொல்லத் தெரியாத அழுகையும் வந்தது. ஒரு பல்லுக்காக அழுகிறாளே என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதடு மரக்கலாம் என்பது நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் எங்கோ இருந்திருக்கும். யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த வாரங்கள் வேறு மாதிரி கழிந்திருக்கும். இன்னும் ஒன்று: ஆலோசகர் சொன்னது என் விஷயத்தில் அப்படியே பலித்தது. அதற்குப் பிறகு வெறும் பல் சுத்தம் செய்வதற்குக்கூட என்னால் மருந்தில்லாமல் போய் உட்கார முடியவில்லை.

தாடைமருத்துவர்:

பழையநோயாளி அவர்கள் எழுதியதற்கு நன்றி. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு வெகு அருகில்தான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. நாக்குக்குப் போகும் நரம்பும் உட்பக்கமாக ஒட்டியே செல்கிறது. அவை இழுபட்டாலோ நசுங்கினாலோ மரப்பு நீடிக்கும். பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். நிலையாகத் தங்கிவிடுவது அரிது. மூன்றாம் நாள் வாக்கில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால் அது வேறு: பல் இருந்த குழியில் உறைந்திருக்க வேண்டிய ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டது என்று பொருள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கும். இது முன்பே தெரிந்தவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். தெரியாதவர் ஏதோ தவறு நடந்துவிட்டது, தாடையே போய்விடும் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

எண்ணெய்க்கடை ஐயா கேட்டதிலும் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் எல்லோரிடமும் ஒரே அளவில் சொல்லக் கூடாது. சிலர் நுணுக்கமாகத் தெரிந்துகொண்டால்தான் அமைதியடைவார்கள், சிலருக்கோ விவரமே பதற்றத்தைக் கூட்டும். அமெரிக்க உளவியலாளர் சூசேன் மில்லர் இந்த இரண்டு வகையினரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நான் முதலில் "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்" என்று கேட்டுவிடுவேன். ஆனால் அழுத்தம், ஓசை, படபடப்பு, பிந்தைய வீக்கம், உதடு மரத்துப்போகும் வாய்ப்பு ஆகிய ஐந்தையும் யாரிடமும் மறைப்பதில்லை.

மருதாணி:

உங்கள் எல்லோருடைய பதில்களையும் தம்பிக்கு அனுப்பினேன். அலுவலக இடைவேளையில் படித்துவிட்டு இரண்டு கேள்விகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். வாய்க்குள் நாலு கருவிகள் இருக்கும்போது வலித்தால் எப்படிச் சொல்வது என்பது ஒன்று. சிறு வயதில் ஊசி போட்டும் வலித்ததே, இந்த முறையும் அப்படியே ஆகாது என்பதற்கு என்ன உறுதி என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியைத் தட்டச்சு செய்யும்போதே கை நடுங்கியது என்றும் எழுதியிருக்கிறான்.

தாடைமருத்துவர்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் அன்று சொன்னது பொய்யில்லை. சீழ் பிடித்த இடத்தில் திசுக்கள் அமிலத்தன்மை அடைகின்றன. லிக்னோகெய்ன் நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போக வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகளில் ஒரு பங்கு மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலச் சூழலில் அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. அழற்சியால் நரம்புகளும் வழக்கத்தைவிடக் கூர்மையாகிவிடுகின்றன. ஆகவே சீழோடு வந்த பிள்ளைக்கு ஊசி பிடிக்காமல் போனது மருத்துவ முறையில் எதிர்பார்க்கக்கூடியதே. அன்று கைகால்களைப் பிடித்தவர்கள், பிள்ளை பயத்தில் நடிக்கிறான் என்று நினைத்திருக்கக்கூடும். அவன் உண்மையாகவே வலித்துத்தான் கத்தினான். இதை யாராவது உங்கள் குடும்பத்தில் அவர் காதுபடச் சொன்னால் நல்லது.

அதனால்தான் வீக்கமும் சீழும் இருக்கும் நாளில் ஞானப்பல்லை அவசரப்பட்டு எடுக்காமல், முடிந்தவரை முதலில் கழுவி, மருந்து கொடுத்து, தணிந்த பிறகு நாள் குறிக்கிறோம். பயந்து தள்ளிப்போட்டவர் கடைசியில் தாங்க முடியாத வலியோடுதான் வருவார், ஊசி குறைவாக வேலை செய்யும் நாளில் வருவார், பயம் மெய்யாகிவிடும். ஆலோசகர் சொன்ன சுழலுக்கு இப்படி ஒரு வேதியியல் கிளையும் உண்டு. உங்கள் தம்பி நல்ல நிலையில் இருக்கும் நாளில் வந்தால் அவருக்கு ஊசி பிடிப்பதற்கான வாய்ப்பு மிக நன்றாகவே இருக்கும். உதடு முழுவதும் மரத்ததா என்று கேட்டு, ஈறைக் கூர்முனையால் தொட்டுப் பார்த்து, தெரியவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் கத்தி வைப்போம். போதவில்லையென்றால் அளவுக்குள் இன்னும் கொஞ்சம் போடலாம்.

முதல் கேள்விக்குப் பதில், இடது கை. வலப்பக்கம் நான் நிற்பதால் இடது கையைத் தூக்கச் சொல்வேன். தூக்கினால் எல்லாக் கருவிகளும் வெளியே வந்துவிடும், காரணம் கேட்க மாட்டேன். தொடங்குவதற்கு முன் ஒருமுறை வெறுமனே தூக்கிக் காட்டச் சொல்லி, நானும் உடனே நிறுத்திக் காட்டுவேன். அந்த ஒத்திகையை முடித்தவர்களில் பலர் அறுவையின்போது கையைத் தூக்குவதே இல்லை. தூக்க முடியும் என்று தெரிந்திருப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

வாடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் யூஜெனால், அதாவது கிராம்பு எண்ணெயின் சாரம். தற்காலிகமாகப் பல் அடைக்கும் கலவையில் சேர்க்கிறோம். பல் மருத்துவத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு அந்த வாசனையே உடலில் அச்சத்தின் அறிகுறிகளை எழுப்புவதைப் பிரான்சில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலை முதல் நோயாளியாக வந்தால் வாடையும் குறைவு, வரவேற்பறையில் அடுத்தவர் முனகலைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதும் குறைவு.

நாஞ்சில்அம்மா:

இடையில் புகுந்து ஒன்று கேட்கிறேன். என் மகளுக்கு மேல்தாடைப் பல்லை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்று மாமியார் ஒரே பிடியாக இருக்கிறார். பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறாள்.

தாடைமருத்துவர்:

அம்மா, அதற்கு அடிப்படையில்லை. பார்வையைக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. மேல்பற்களுக்கு உணர்வு தருவது முகத்தின் முப்பிரிவு நரம்பில் ஒரு கிளை. இரண்டும் வெவ்வேறு. மேல்பல்லின் சீழைப் பல காலம் கவனிக்காமல் விட்டால் கன்னமும் கண்ணின் கீழ்ப்பகுதியும் வீங்கும். பல்லுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட்ட பேச்சு அதைப் பார்த்து எழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். பல்லை எடுப்பதைவிட எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம் என்று மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

மனநல ஆலோசகர்:

நாஞ்சில்அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். "சாப்பிடவில்லையென்றால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று வீட்டில் சொல்லும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மருத்துவரைத் தண்டனைக்காரராகக் காட்டிவிட்டு, பிறகு அவர் முன்னால் வாயைத் திற என்றால் எந்தப் பிள்ளை திறக்கும்? குழந்தைகளுக்குச் சொல், காட்டு, செய் என்றொரு முறை 1959 முதல் பயன்பாட்டில் இருக்கிறது: கருவி என்ன செய்யும் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லி, விரல்நுனியில் வைத்துக் காட்டி, பிறகுதான் வாயில் வைப்பார்கள். அப்படிச் செய்யும் மருத்துவராகப் பாருங்கள்.

எண்ணெய்க்கடை:

எல்லாம் படித்தேன். ஊசி பிடிக்காததன் காரணம் எனக்குப் புதிய செய்தி. ஆனால் நடைமுறையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்க வரிசை சுவரைச் சுற்றி நிற்கிறது. அங்கே இருக்கும் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டு, கை தூக்கி ஒத்திகை பார்த்து, நாற்காலியில் ஒருவரை அரைமணி உட்கார வைத்தால் பின்னால் நிற்பவனுக்கு என்ன பதில்? இந்த வசதியெல்லாம் காசு உள்ளவனுக்குத்தானே. கூலிக்காரன் தைரியத்தைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மனநல ஆலோசகர்:

ஐயா சொல்வது நியாயமான குறை. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கை தூக்கும் உடன்பாட்டுக்கு அரைமணி தேவையில்லை, அரை நிமிடம் போதும் என்பதை மட்டும் சொல்லலாம். ஐந்து கேள்வித் தாளைக் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பி வாங்கிவிடலாம். 19-ஐ எட்டியவருக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்கினால், நாற்காலியில் ஏறி இறங்கி, மயங்கி விழுந்து, நாள் மாற்றி மறுபடியும் வரிசையில் நிற்கும் வீண் செலவு குறையும். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பல் மருத்துவமனையில் இப்படிக் கடும் அச்சம் உள்ளவர்களுக்கு, பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்–நடத்தைச் சிகிச்சை கொடுத்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்; ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் மயக்க மருந்து இல்லாமலே சிகிச்சையை முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பல மாதங்கள் தேவைப்படவில்லை, சராசரியாக ஐந்து அமர்வுகளே போதுமானதாக இருந்தன. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழில் கட்டணமில்லாமல் பேசலாம். பல் பயத்துக்காக அங்கே போகலாம் என்று பல் மருத்துவரும் சொல்வதில்லை, நமக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று, மயங்கி விழுகிறவர்களுக்கு. ஊசியையோ ரத்தத்தையோ கண்டால் சிலருக்கு முதலில் ரத்த அழுத்தம் ஏறிப் பிறகு சட்டென்று சரியும். இவர்களிடம் "உடம்பைத் தளர்த்துங்கள்" என்று சொல்வது தீங்காகவே முடியும். ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறைப்படி, கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கிப் பிடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடியும் இறுக்க வேண்டும். வீட்டிலேயே சில நாள் பழகிக்கொள்ளலாம். வெறும் பதற்றம் மட்டும் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு மெதுவாக மூச்சை வெளியே விடுவதே போதும்.

அறுவைக்குப் பின் என்ன வரும் என்றும் மருதாணி கேட்டிருந்தார். முதல் சில நாட்கள் தூக்கம் கெடுவதும், எரிச்சல் வருவதும், நடந்ததையே மனம் திருப்பிப் பார்ப்பதும் இயல்பானவை. நெதர்லாந்தில் ஆத் டி யோங் குழுவினர் ஞானப்பல் எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு மாதம் கழித்தும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகள் நீடித்தவர்கள் ஒரு சிறு பங்கினராக இருந்தார்கள். அறுவையின்போது வலி அதிகம் பட்டவர்களும் ஏற்கெனவே வேறு அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்களும் அதில் முன்னால் நின்றார்கள். கெட்ட கனவு, அந்த ஓசை திடீரென்று காதில் கேட்பது, அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போவது போன்றவை ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் உதவி தேட வேண்டும். உங்கள் தம்பிக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே இவை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மருதாணி:

இருந்திருக்கின்றன. நேற்று அவனே சொன்னான். மருத்துவர் எழுதிய அமில விளக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் சித்தப்பாவை அழைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

தம்பி பல்லைக் காட்டாமல் பேச மட்டும் செய்யப் போகிறேன் என்று சொல்லி அறுவை மருத்துவரிடம் நேரம் வாங்கிச் சென்று வந்தான். இடது கை உடன்பாட்டுக்கு அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதலில் நைட்ரஸ் ஆக்சைடோடு ஊசி. அதுவும் முடியவில்லையென்றால் அன்றே நிறுத்திவிட்டு, முழு மயக்கத்துக்கு வேறு நாள் குறிப்பது என்று முடிவாகியிருக்கிறது. மற்ற வழியையும் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவனைச் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன். அடுத்த வியாழன் காலை முதல் ஆளாகப் போகிறான். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கலாமா, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்கச் சொன்னான்.

தாடைமருத்துவர்:

பாட்டுக் கேட்கலாம், ட்ரில் ஓசையை அது நன்றாகவே மறைக்கும். ஆனால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளட்டும், மருத்துவர் பேசுவது மற்றக் காதில் விழ வேண்டும். வெறும் ஊசி மட்டுமென்றால் வயிறு காயாமல் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது, பட்டினியோடு போனால் மயக்கம் வருவது எளிது. நைட்ரஸ் ஆக்சைடும் இருப்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். எனினும் அவருடைய மருத்துவமனையில் வேறு விதி இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும், இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். துணைக்கு ஒருவர் போகட்டும். அது சித்தப்பாவாக இருக்க வேண்டுமா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும்.